டீசல் எஞ்சினின் மூச்சும் அதன் தடைகளும்

மலைப்பாதையே எஞ்சினுக்குப் பரீட்சை மண்டபமாகும். சமதரையிலே தன் குறையை மறைத்துக்கொண்டோடும் எஞ்சின் ஏற்றத்திலே அதனை ஒளிக்க மாட்டாது. கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய, உன்னஸ்கிரிய வழியாக மகியங்கனைக்குச் செல்லும் ஏ 26 பெருந்தெருவை நம் பழைய மாணவர் பலர் அறிவர். மகியங்கனைப் பக்கமிருந்து பதினெட்டு வளைவுகளையும் ஏறிவரும் லொறியொன்று கரும்புகை கக்கி, வலுவிழந்து, ஊர்ந்து செல்வதைக் கண்டதும், "டீசல் கெட்டுவிட்டது" என்று சொல்வார் உளர். பெரும்பாலும் கெட்டது டீசலன்று, மூச்சு. அம்மூச்சுத் தடையை ஆராயும் முறையினை இங்கே பாடமாகத் தருகின்றோம்.

பெற்றோல் எஞ்சினிலே சாரதி மிதிப்பது வளியின் வாயிலை. டீசல் எஞ்சினிலே அவர் மிதிப்பது எரிபொருளின் அளவை. இவ்வேறுபாடே பாடத்தின் முதற்படி. ருடோல்ப் டீசல் என்பார் 1897 இல் ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரிலே இயக்கிக்காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. உருளையுட் புகுந்த வளியை முசலம் ஏறத்தாழ 16 முதல் 20 மடங்குவரை நெருக்க, அதன் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கு மேல் உயரும். அவ்வெப்பத்திலே தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். ஒரு கிலோகிராம் டீசல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.5 கிலோகிராம் வளி வேண்டும். புகையின்றி எரிவதற்கு அதனினும் கூடுதலாக வேண்டும். வளி குறைந்தவிடத்து எரியாத காபன் கரும்புகையாய் வெளிவரும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியிலே வளியின் அடர்த்தி கொழும்பிலுள்ளதிலும் ஏறத்தாழ 5 வீதம் குறைவு என்பதையும் நினைவிற் கொள்க.

அங்ஙனமாயின், டீசல் எஞ்சினின் வளிப்பாதையிலே கட்டுப்பாடு எதற்கு? முற்காலத்து இலகு எஞ்சின்கள் சிலவற்றில் வளிக்குழாயின் ஒடுங்கிய இடத்திலே தகடொன்று இருந்தது. அங்கே தோன்றும் உறிஞ்சல் ஒரு மென்தோற் சவ்வை இழுத்து, எரிபொருட் பம்பியை அடக்கிவைத்தது. சவ்வு கிழிந்தால், அல்லது உறிஞ்சற் குழாய் வெடித்தால், அடக்குவாரின்றி எஞ்சின் அளவிறந்து ஓடும். காற்றின் குற்றம் எரிபொருளின் குற்றமாய்த் தோன்றியமைக்கு இது பழைய உதாரணம்.

இக்கால எஞ்சின்களிலே அத்தகட்டை ஒரு சிறு மின்மோட்டர் அசைக்கின்றது. அதன் கடமைகள் மூன்று. வளிப்பாதையைச் சிறிது ஒடுக்கி, கழிவுப்புகையின் ஒரு பகுதி ஈ.ஜீ.ஆர். வால்வு வழியாக மீண்டும் உள்ளே வரச்செய்து, நைதரசன் ஒட்சைட்டுக்களைக் குறைத்தல் ஒன்று. எஞ்சினை நிறுத்தும்போது குலுக்கமின்றி அடங்கச்செய்தல் இரண்டு. புகைக்கரி வடிகட்டியுள்ள வாகனங்களில் அக்கரியை எரித்தற்காகக் கழிவுப்புகையின் வெப்பத்தைக் கூட்டுதல் மூன்று. தகட்டின் நிலையை உணரியொன்று இலத்திரனியற் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவிக்கும். கட்டளையும் நிலையும் பொருந்தாவிடின் விளக்கு எரியும், குறியீடு பதிவாகும்.

குறியீட்டைப் படிப்பதிலேயே பலர் இடறுகின்றனர். 'பி 02 ஈ 0' என்பது மின்சுற்று அறுந்திருக்கலாம் என்னும். 'பி 02 ஈ 2' சமிக்ஞை தாழ்ந்தது என்னும். 'பி 02 ஈ 3' உயர்ந்தது என்னும். இவை மூன்றிலும் கம்பியையும் இணைப்பியையும் முதலிற் பார்த்தல் முறை. 'பி 02 ஈ 1' என்பதோ, ஏவியபடி தகடு தொழிற்படவில்லை என்று மட்டுமே கூறும். ஏன் என்று கூறாது. குறியீடு சாட்சியின் வாக்குமூலமேயன்றித் தீர்ப்பன்று. சாட்சி சொன்னவுடனே புதிய உறுப்பை வாங்கி மாட்டுதல் விசாரணையின்றித் தண்டனை விதித்தலை ஒக்கும். தண்டப்பணம் கட்டுபவர் அன்றாடம் உழைத்துண்ணும் சாரதியே.

ஆராயும் ஒழுங்கு வருமாறு:

முதலாவது, புகையின் நிறத்தைக் காண்க. கருமை வளிக்குறைவை அல்லது எரிபொருள் மிகுதியைக் காட்டும். நீலம் எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னரும் நீங்காத வெண்மை எரியாத டீசலை அல்லது உருளையுட் கசியும் நீரைக் காட்டும்.

இரண்டாவது, செலவில்லாதவற்றைப் பார்க்க. வளிவடிகட்டி செம்மண் தூசியால் அடைந்துள்ளதா? றப்பர்க் குழாய் உட்குழிந்துள்ளதா? டேர்போவுக்குப் பின்னுள்ள பொருத்துக்களில் எண்ணெய்க் கசிவும் சீறலும் உண்டா?

மூன்றாவது, எஞ்சினை நிறுத்தி, பற்றரியின் இணைப்பைக் கழற்றிய பின்னர், தகட்டைப் பார்க்க. கழிவுப்புகைக் கரியும் எண்ணெயாவியும் கலந்து தார்போற் படிந்து அதனை இறுக்குவது வழக்கம். உரிய திரவத்தாலே கழுவுக; பலவந்தமாய்த் திருப்பினால் உள்ளிருக்கும் சிறுபற்சில்லுகள் உடையும்.

நான்காவது, மின்சாரம். இணைப்பியிற் பச்சைக்களிம்பு உண்டா? உணரிக்கு வரவேண்டிய மின்னழுத்தம் பெரும்பாலும் 5 வோல்ற்று, அது வருகின்றதா? புவித்தொடர்பு உறுதியானதா?

ஐந்தாவது, ஈ.ஜீ.ஆர். வால்வு. அது திறந்தபடி சிக்கினால் தூயவளி புகவேண்டிய இடத்தைப் புகை நிரப்பும். தகடு குற்றமற்றதாயினும் கரும்புகையும் வலுவிழப்பும் தோன்றும்.

ஆறாவது, பரிசோதனைக் கருவியிலே கட்டளையிட்ட நிலையையும் உண்மை நிலையையும் அருகருகே வைத்து ஒப்பிடுக. இவையனைத்தும் தேறிய பின்னரும் தகடு கீழ்ப்படியாதாயின், அப்பொழுதே அதனை மாற்றுக. மாற்றியபின் அதன் எல்லைநிலைகளைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மீண்டும் பழக்குக.

இவ்வொழுங்கிலே எளியது முன்னும் அரியது பின்னும், செலவற்றது முன்னும் செலவுள்ளது பின்னும் நிற்றலைக் காண்க. ஈ.ஜீ.ஆர். வால்வைத் தகரத்தால் அடைத்துவிட்டு "சரியாயிற்று" என்று அனுப்புதல் வைத்தியமன்று. 2012 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டீசற்புகையைப் புற்றுநோய் விளைப்பது என உறுதியாக வகைப்படுத்தியது. ஏற்றத்திலே லொறி கக்கும் புகையைத் தெருவோரத்திற் பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைகளே முதலிற் சுவாசிக்கின்றனர்.

தமிழாசிரியருக்கு எஞ்சினோடு என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். காரணம் எது, காரியம் எது என்று வாக்கியத்திலே பிரித்தெழுதப் பழகிய மாணவன் கராச்சிலும் அவற்றைப் பிரித்தறிவான். பட்டறைகளிலே தொழில்புரியும் பழைய மாணவர்கள் தாம் கண்ட பழுதுகளை இவ்வாறு நிரல்படத் தமிழில் எழுதி நூலகத்திற்கு அளிப்பார்களாயின், இனி வரும் தொழிற்கல்வி மாணவர்க்கு அதனினும் பயனுள்ள கொடை வேறில்லை.