அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் நடுவே: மூடுபயிர் பற்றி ஒரு பாடம்

சம்பா அறுத்து முடிந்ததும் உத்திரமேரூர் வட்டாரத்தில் நிலம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஏரியில் தண்ணீர் மிச்சமிருந்தால் மதகுக்குப் பக்கத்து வயல்களில் நவரை நடுவார்கள். கடைமடை வயலுக்கு அது எட்டாது. அடுத்த சம்பா வரை ஆறேழு மாதம் அந்த நிலம் வெயிலில் வெந்து கிடக்கும். மண்ணில் இருந்த ஈரம் போகும், மக்கும் போகும், களை விதை மட்டும் மிஞ்சும். அப்புறம் உழவுக் கூலி, யூரியா, அதற்கொரு கடன்.

இந்த இடைவெளியில் நிலத்தைப் போர்த்தி வைக்கும் பயிருக்கு மூடுபயிர் என்று பெயர். வெளிநாட்டில் இதை உழவில்லாத இயற்கை வேளாண்மையோடு சேர்த்துச் செய்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ரோடேல் நிறுவனம் இதில் பேர் பெற்றது. கம்பரிசி போன்ற பயிரை அடர்த்தியாக வளர்த்து, பூக்கும் பருவத்தில் கனமான உருளையை அதன்மேல் ஓட்டித் தண்டை நசுக்கிப் படுக்க வைக்கிறார்கள். படுத்த பயிர் பாய் மாதிரி மண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பாயைக் கீறி சோயா விதைப்பார்கள். பூக்கும் முன் நசுக்கினால் பயிர் மறுபடி எழுந்துவிடும். விதை முற்றிய பின் நசுக்கினால் அதுவே களையாகிவிடும். பருவம் பார்ப்பதுதான் இதில் முக்கியம்.

இது நமக்குப் புதிதா என்றால், பாதி புதிதில்லை. தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் நெல் தரிசில் உளுந்து, பயறு விதைப்பது காலங்காலமான பழக்கம். நெல் வயலிலேயே நிற்கும்போது, அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் உளுந்தைத் தெளித்து விடுவார்கள். ஏர் இல்லை, டிராக்டர் இல்லை. நெல்லை அறுத்ததும் உளுந்து தாளுக்கு நடுவே தலை தூக்கும். மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து 70, 75 நாளில் காய்த்துவிடும். ஜப்பானில் ஃபுகுவோகா என்பவர் நிற்கும் பயிருக்குள் அடுத்த பயிரை விதைத்ததைப் பெரிதாகப் பேசுகிறோம். நம் டெல்டா விவசாயி அதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்.

நம் கடைமடை களிமண் வயலுக்கும் இதுவே முதல் படி. ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை போதும். நெல் தரிசுக்கென்றே வந்த ஆடுதுறை 3 போன்ற ரகம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். விதையை ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தோடு ஆறிய அரிசிக் கஞ்சியில் பிசறி நிழலில் உலர்த்துங்கள். மண் காய்ந்த பிறகு தெளித்தால் முளைக்காது, தண்ணீர் நின்றால் அழுகும். இயந்திரம் வைத்து அறுப்பதாக இருந்தால் அறுவடைக்கு இன்னும் நெருக்கமாகத் தெளியுங்கள். முளைத்த செடிமேல் சக்கரம் ஏறினால் மிஞ்சாது. ஒரு மாதம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை அது பிடிக்கிறது என்று அர்த்தம்.

செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டு போவதுதான் நம் வழக்கம். அப்படிச் செய்தால் நிலத்துக்கு என்ன கிடைக்கும்? அரிவாளால் அடியில் அறுங்கள். வேர் மண்ணிலேயே இருக்கட்டும். பொட்டையும் முடிந்தவரை வயலுக்கே திருப்புங்கள். தாளைக் கொளுத்தவே வேண்டாம்.

கோடை மழை பெய்ததும் அடுத்த போர்வை. தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ. உவர் நிலத்தையும் அது தாங்கும். மேட்டு நிலத்துக்குச் சணப்பை, வறண்ட இடத்துக்குக் கொளிஞ்சி. 45 நாளில், பூ எடுக்கும்போது மடக்கிவிட வேண்டும். விட்டால் தண்டு நாராகி மக்க நாளாகும். பசுந்தாள் விதை தரும் ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்தது. இப்போது விதை இருப்பு உண்டா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரியுங்கள்.

ஆனால் சேறடித்து நடும் நெல்லுக்கு உழவையே விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். சேறுதான் ஏரித் தண்ணீரை வயலில் நிறுத்துகிறது. சம்பாவுக்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழுவதே நமக்குச் சரி. உழவில்லாமல் முழுதாகச் செய்து பார்க்க வேண்டிய இடம் புஞ்சை. சணப்பையைப் படுக்கவைத்து அதன் நடுவே சோளமோ கம்போ ஊன்றலாம். முதல் வருடம் கால் ஏக்கருக்கு மேல் வேண்டாம். மூடாக்கு மெல்லியதாக இருந்தால் களை அதைத் தாண்டி வந்துவிடும், இயற்கை முறையில் மருந்தும் அடிக்க முடியாது. கோரையும் அருகும் எவ்வளவு தடித்த பாயையும் துளைத்து வரும். அவை இருக்கும் வயலில் முதலில் கோடை உழவு போட்டுக் கிழங்கைக் காய விடுங்கள்.

இனி மனிதர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம். அறுவடை முடிந்ததும் ஆடு மாட்டை அவிழ்த்துவிடுவது ஊர் வழக்கம். சுற்றிலும் தரிசு, நடுவில் ஒருவர் வயல் மட்டும் பச்சை என்றால் எல்லா ஆடும் அங்கேதான் வரும். விதைத்ததைப் பறவையோ கால்நடையோ உண்டால் அது ஸதகா என்ற நபிமொழி நாம் அறிந்தது. அது விதைத்தவருக்கு ஆறுதல், ஆட்டை ஓட்டி வருபவருக்கு அனுமதிச் சீட்டு அல்ல. எனவே ஒரே மடைப் பாசனத்தில் உள்ளவர்கள் நாலைந்து பேராவது சேர்ந்து விதையுங்கள். ஆட்டுக்காரர்களிடமும் முன்கூட்டியே பேசி, விதைக்காத பகுதியில் கிடை போடச் சொல்லலாம். அந்த எருவும் நமக்கே. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் வைத்து, அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியை 919, 921ஆம் ஆண்டுகளிலேயே கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் இது. மேய்ச்சலுக்கு ஓர் ஏற்பாடு செய்ய முடியாதா?

மற்றொன்று குத்தகை. பசுந்தாளின் பலன் ஒரே போகத்தில் முழுதாகத் தெரியாது. மண் பொலபொலப்பாக இரண்டு மூன்று வருடம் ஆகும். வருடா வருடம் வாய்ப்பேச்சில் ஆளை மாற்றினால் எந்தக் குத்தகைதாரர் தன் காசில் தக்கைப்பூண்டு போடுவார்? அடுத்தவர் அறுக்கப்போகும் நெல்லுக்கு அவர் ஏன் உரமிட வேண்டும்? நிலம் வைத்திருக்கும் சகோதரர்களும், பள்ளிவாசல் நிலத்தைக் கவனிக்கும் நிர்வாகிகளும் இந்தத் தை அறுவடைக்கு முன் உட்கார்ந்து பேசுங்கள். குறைந்தது மூன்று வருடக் குத்தகை, எழுத்தில். பசுந்தாள் விதைச் செலவில் பாதி நில உரிமையாளருடையது என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள்.