உணவு மணப்பொருளும் மின்வேதியியல் உணரியும்

ஐஸ்கிரீம், பிஸ்கட், குழந்தைகளுக்கான மருந்துப் பாகு ஆகியவற்றில் வீசும் வெனிலா மணத்திற்குக் காரணம் வெனிலின் என்னும் சேர்மமாகும். வெனிலாக் கொடியின் காயில் இயற்கையாகக் கிடைக்கும் இதனை, ஜெர்மானிய வேதியியலாளர்களான டீமானும் ஹார்மானும் 1874-ஆம் ஆண்டில் செயற்கையாகத் தயாரித்தனர். இன்று சந்தைக்கு வரும் வெனிலினில் மிகப் பெரும்பகுதி ஆலைகளில் உற்பத்தியாவதே. விலை மலிவாதலின் அளவு மீறிச் சேர்ப்பதும் எளிது. கைக்குழந்தைகளின் பால்மாவில் மணப்பொருள் எதுவும் சேர்க்கலாகாது என்பது கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரநெறியின் விதி.

விதி செய்வது ஒன்று. மீறலைக் கண்டறிவது மற்றொன்று. குரோமட்டோகிராபி முறைக்கு விலையுயர்ந்த கருவியும், தூய கரைப்பான்களும், தேர்ந்த பகுப்பாய்வாளரும் தேவை. மாதிரி கிடைத்த 14 நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டுமென 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. மாதிரிகள் குவியும் கூடங்களுக்கு இது சுமையே.

இங்குதான் மின்வேதியியல் உணரி துணைக்கு வருகிறது. கரைசலில் தோய்ந்த கரி மின்முனையில் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தினால், குறிப்பிட்டதொரு நிலையில் வெனிலின் எலக்ட்ரான்களை இழந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்போது எழும் மின்னோட்டம் வெனிலினின் செறிவுக்கேற்ப அமையும். நீரிழிவு நோயாளிகள் வீட்டில் பயன்படுத்தும் சர்க்கரைமானியும் இவ்வாறு மின்னோட்டத்தை அளப்பதே. பட்டை மலிவானது, முடிவு சில நிமிடங்களில் கிட்டும்.

ஆயினும் இதனை மிகைப்படுத்தலாகாது. பாராசிட்டமாலும் இதே போன்று ஆக்சிஜனேற்றம் அடையும் பொருள். அது மிகுந்துள்ள மருந்துப் பாகில் வெனிலினின் சிறு மின்னோட்டம் மூழ்கிவிடக்கூடும். பாலின் புரதமும் கொழுப்பும் மின்முனையில் படியும். வெனிலினின் விளைபொருளே படலமாகப் படிந்து, அடுத்த அளவீட்டைக் குறைத்துக் காட்டும். ஆகவே ஒருமுறை பயன்படுத்தி எறியும் பட்டையே சிக்கனமானது என்பது என் கருத்து. இன்னொன்று: காயில் விளைந்ததா, ஆலையில் பிறந்ததா என்று உணரி சொல்லாது, மூலக்கூறு ஒன்றே. ‘இயற்கை வெனிலா’ என்ற பொய் முகப்புச் சீட்டால் பாதிக்கப்படும் கேரள, கர்நாடக விவசாயிக்கு இதனால் பயனில்லை. அதற்குக் கார்பன் ஐசோடோப்புச் சோதனையே வேண்டும்.

மின்வேதியியலுக்கெனக் காரைக்குடியில் 1953 முதல் ஆய்வு நிறுவனம் இயங்கும் நாட்டில், பட்டை செய்யும் அறிவுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு உணவு வகைக்கும் தனித்தனியே அளவுத்திருத்தம் செய்து, குரோமட்டோகிராபி முடிவுடன் ஒப்பிடும் பொறுமையான பணிக்கே நிதி ஒதுக்க வேண்டும். அது முடிந்தபின் நடமாடும் ஆய்வூர்திகளில் இதனை முதற்சல்லடையாக வைக்கலாம். ஐயத்திற்குரிய மாதிரி மட்டும் கூடத்திற்குச் செல்லட்டும்.