வெப்பத்தைச் சேமிக்கும் கணப்பு

சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் டிசம்பர்த் திங்களின் நடுவில் பகற்பொழுது ஏறத்தாழ 6 மணி நேரமே. ஏரிகள் உறைந்து, நிலம் பனி மூடிக் கிடக்கும் அக்காலத்தில் வீட்டினுள் நெருப்பின்றேல் உயிர் வாழ்தல் அரிது.

பண்டு அந்நாட்டார் பலர் சுவரோரம் அமைத்த திறந்த கணப்புகளில் விறகெரித்துக் குளிர் காய்ந்தனர். நெருப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானிற் கலந்தது. மேலும், எழும் புகை அறைக்காற்றையும் உடன் இழுத்துச் சென்றமையால், கதவிடுக்குகளின் வழியே புறக்குளிர் உள்ளே புகுந்தது. நெருப்பின்முன் அமர்ந்தோர்க்கு முகம் வெந்தது, முதுகு விறைத்தது.

சுவீடன் காடு மிகுந்த நாடுதான். ஆயினும், இரும்பு உருக்கும் ஆலைகள் கரிக்காக மரங்களை விழுங்கின. வீடுகளும் விறகு வேண்டி நின்றன. மரம் அருகிவிடுமோ என்னும் அச்சம் ஆட்சியாளரைப் பற்றியது. ஆகவே, குறைந்த விறகில் நிறைந்த வெப்பம் தரும் கணப்பொன்றை வகுக்குமாறு 1767ஆம் ஆண்டில் கட்டடக்கலை வல்லுநராகிய கார்ல் யோகான் குரோன்ஸ்டெட்டும் பேபியன் விரேடே என்பாரும் பணிக்கப்பட்டனர்.

அவர்கள் கைவைத்தது புகை செல்லும் வழியில். நெருப்பறையிலிருந்து மேலெழும் சூடான புகை உச்சியை அடைந்ததும், பக்கக் குழாய்களின் வழியே கீழே திருப்பப்பட்டது. பின்னர் மீண்டும் மேலேறிப் புகைபோக்கியை அடைந்தது. இந்நெடுவழியில் புகை தன் வெப்பத்தைச் செங்கற்களுக்குக் கொடுத்துவிட்டே வெளியேறும். புறத்தே மெருகிட்ட ஓடுகள் பதிக்கப்பட்டன.

வெயிலிற் கிடந்த பாறை அந்தி சாய்ந்த பின்னும் சுடுதலை யாவரும் அறிவர். கனத்த கணப்பும் அத்தகையதே. 1,000 கிலோகிராம் செங்கல் 50 பாகை செல்சியஸ் தணியும்பொழுது ஏறத்தாழ 10,000 கிலோகலோரி வெப்பத்தை வெளிவிடும். இஃது உலர்ந்த விறகு 3 கிலோகிராம் எரிந்து தரும் வெப்பத்திற்கு ஏறக்குறைய ஈடாகும். மெல்லிய இரும்புத் தகட்டடுப்போ விரைவில் சூடேறி, விரைவிலேயே ஆறிவிடும். அதனை இரவெல்லாம் எரியச் செய்யக் காற்றைக் குறைத்தால், விறகு புகைந்து கரியும் தாரும் புகைபோக்கியிற் படியும். செங்கற் கணப்பில் அத்தொல்லை குறைவு. நாளுக்கு ஓரிருமுறை, நிறைந்த காற்றுடன் விறகைக் கொழுந்துவிட்டு எரியச் செய்தால் போதும். நெருப்பு அணைந்த பின்னும் பல மணி நேரம் அறை வெதுவெதுப்பாக இருக்கும்.

நெருப்பு முற்றும் அணைந்த பின்னர்ச் சூடு வெளியேறாதவாறு புகைவழியை மூடுதல் வழக்கம். இங்கே அவசரம் ஆகாது. தணல் கனன்றுகொண்டிருக்கையில் மூடிவிட்டால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு அறையில் பரவும். உறங்குவோர் உறக்கத்திலேயே இறப்பர்.

குறையும் உண்டு. ஆறிய கணப்பு மீண்டும் சூடேறச் சில மணி நேரமாகும். அதன் பாரத்தைத் தாங்க வலிய அடித்தளமும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் வெந்நீர்க் குழாய்கள் வீடுகளுக்கு வந்தபின், சுவீடனில் இக்கணப்புகள் பல ஓய்வு பெற்றன. அண்டை நாடாகிய பின்லாந்திலோ, செங்கல்லினும் அடர்ந்ததும் வெப்பத்தை விரைந்து ஏற்பதுமாகிய மாக்கல்லைக் கொண்டு இவ்வகைக் கணப்புகள் இன்றும் கட்டப்படுகின்றன.