மூன்று மணிக்கு முன்னால்

வண்டிப்பெரியார்,
ஞாயிறு இரவு.

அன்பு மகனுக்குப் பெரியப்பா எழுதுவது.

இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டாய். அரிசி டப்பாவில் இருந்த பணம் காணாமல் போனது எனக்குத் தெரியும். உன் அம்மா வந்து அழுதாள். உன்னைத் திட்டச் சொல்லவில்லை, ஜெபிக்கத்தான் சொன்னாள். டிசம்பர் 31 இரவு நீ முழங்காலில் நின்று அழுதது வேஷம் இல்லை. அன்றைக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அந்த வாரம் லாட்டரி டிக்கெட் கடையில் நின்றாய் என்பதும் உண்மை. "எனக்கு விசுவாசமே இல்லையோ பெரியப்பா?" என்று போன வருஷம் கேட்டாய். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லாமல் விட்டது என் தவறு.

லாட்டரியை அரசாங்கமே நடத்துகிறது என்பாய். ஆமாம், 1967-ல் கேரளத்தில் அதற்கென்று துறையே தொடங்கினார்கள். 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல். டிக்கெட் 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2003-ல் தடை வந்துவிட்டது, இங்கே நடக்கிறது. குமுளிக்கு அந்தப் பக்கம் குற்றம், இந்தப் பக்கம் வியாபாரம். ஆனால் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்த கூலியை அவளுக்குத் தெரியாமல் எடுத்தாய், கேட்டபோது பொய் சொன்னாய். இந்த இரண்டும் மலைக்கு எந்தப் பக்கம் நின்றாலும் பாவம்தான்.

நானும் இதே குழியில் கிடந்தவன். 2000-ஐ ஒட்டிப் பீர்மேட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடியபோது சம்பளம் இல்லை, லயத்துக் கூரை ஒழுகியது. கையில் காசு இல்லாதவனுக்குத்தான் டிக்கெட் மேல் அதிக ஆசை வரும். ஒருமுறை கடைசி நாலு எண் ஒத்து, சின்னப் பரிசு விழுந்தது. விழாமலே இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். அதற்குப் பிறகு ஒரு எண்ணில் தவறிப்போன டிக்கெட்டைக்கூட, பரிசு பக்கத்தில் வந்துவிட்டதற்கு அடையாளம் என்று நினைத்தேன். உன் பெரியம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. எத்தனை பொருத்தனை செய்தேன் தெரியுமா! ஒவ்வொன்றும் மறுநாள் மூன்று மணிக் குலுக்கல் வரைக்கும் தாங்கியது.

அகஸ்டின் தன் வாழ்க்கையை எழுதிய நூலில் அலிப்பியுஸ் என்ற நண்பனைப் பற்றிச் சொல்கிறார். சட்டம் படிக்க ரோமுக்குப் போனவன். மனிதனை மனிதன் வெட்டிச் சாகும் விளையாட்டரங்கை வெறுத்தவன். கூட்டாளிகள் இழுத்துப் போனபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான். கூட்டம் ஒரு சத்தம் போட்டது, கண்ணைத் திறந்தான், அவ்வளவுதான், அதற்கு அடிமையாகிவிட்டான். கடவுளை நம்ப வேண்டிய இடத்தில் அவன் தன்னையே நம்பினான் என்கிறார் அகஸ்டின். அதே அலிப்பியுஸ் 386-ல் மிலான் தோட்டத்தில் அகஸ்டின் மனந்திரும்பிய வேளையில் பக்கத்தில் இருந்தான். அடுத்த வருஷம் ஈஸ்டரில் இரண்டு பேரும் பேராயர் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார்கள். பின்னாளில் அவன் பேராயரும் ஆனான்.

மகனே, நீ கண்ணை மூடிக்கொண்டு கடை வாசலில் உட்காருகிறாய். உன் மனசு பலப்பட்ட பிறகு கீழ்ப்படியலாம் என்று காத்திருக்கிறாய். லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகளை இயேசு ஆசாரியர்களிடம் போகச் சொன்னாரே, அப்போது அவர்கள் உடம்பில் நோய் அப்படியேதான் இருந்தது. நடந்து போகையில்தான் சுத்தமானார்கள். நோயோடு எடுத்து வைத்த அந்த முதல் அடியைத்தான் நான் விசுவாசம் என்கிறேன். உன்னிடம் அது இல்லை என்று நீ முடிவு கட்டாதே.

நான் எடுத்து வைத்த அடி மிகச் சின்னது. சபை மூப்பர் ஒருவரிடம் போய், எவ்வளவு கடன், யாரிடம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். வாய் உலர்ந்துவிட்டது. கிடைத்த கூலியை அன்றன்றைக்கு உன் பெரியம்மா கையில் கொடுத்தேன். கடைத்தெரு வழியை விட்டுவிட்டு ஆற்றோரமாகச் சுற்றி வந்தேன். நடுவில் இரண்டு முறை விழுந்தேன். அன்றைக்கே போய் மூப்பரிடம் சொன்னேன். ஒரே தடவையில் பறித்து முடிக்கிற காரியம் இல்லை இது. உன் அம்மா பறித்த செடி எட்டுப் பத்து நாளில் மறுபடி துளிர்க்கிறது, அவள் மறுபடி கூடையோடு போகிறாள். ஒரு சுற்றுத் தவறினால் இலை முற்றிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடு. சகேயு நாலத்தனையாகக் கொடுப்பதாகச் சொன்னான். நீ மாதம் கொஞ்சமாகவாவது அம்மா கையிலேயே கொடு, மன்னிப்பும் கேள். கடன்காரர்களின் பேரை எழுதி எடுத்து வா, சேர்ந்து பார்ப்போம். ராத்திரியில் உயிரே வேண்டாம் என்று தோன்றினால் விடியும்வரை காத்திருக்காமல் என் கதவைத் தட்டு. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கும் பேசலாம். பீர்மேடு தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை.

நாளைக்கு இரண்டரை மணிக்கு ஜீப்பை ஸ்டாண்டில் விட்டுவிட்டு இங்கே வா. போனை உன் பெரியம்மாவிடம் கொடுத்துவிடு. அவள் கப்பை வேகவைத்திருப்பாள். மூன்று மணி தாண்டும்வரை இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். செவ்வாய்க்கிழமையும் வா.

ஜெபத்துடன்,
பெரியப்பா