யார் சுமக்கும் எடை?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறை ஒன்றில் இரும்புப் பட்டை வளைந்துவிட்டால், "இன்னும் தடிமனான பட்டையாகப் போடு" என்பார்கள். தரையில் நிலையாக நிற்கும் இயந்திரத்திற்கு இது தக்க வழியே. ஆனால் நகரும் பொருளுக்கு இது பொருந்துமா? அங்கே கூடுதலான ஒவ்வொரு கிராமையும் யாரேனும் சுமந்தாக வேண்டும். டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் பணியிலிருந்து வடிவமைப்பாளர்கள் கற்க வேண்டிய பாடம் இது.

கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 இராக்கெட், 1980 ஜூலை 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இராக்கெட்டின் எடை 17 டன். செயற்கைக்கோளின் எடையோ 35 கிலோகிராம்! ஆகவே உச்சிப் பகுதியில் ஒவ்வொரு கிராமையும் குறைக்க வேண்டியிருந்தது. எஃகின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு. கண்ணாடி இழைகளைப் பிசினில் பதித்துச் செய்யும் கலப்புப் பொருளின் அடர்த்தியோ சுமார் 2 மடங்குதான். எனவே மேலடுக்குகளுக்கு இத்தகைய பொருள்களே ஏற்றவை.

பின்னர் கலாம் ஐதராபாத்தில் ஏவுகணை ஆய்வில் ஈடுபட்டார். அங்குள்ள நிஜாம் மருத்துவக் கழகத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர், ஆய்வுக்கூடத்தில் இருந்த இலேசான பொருளைத் தூக்கிப் பார்த்து வியந்தார். உடனே கலாமைத் தம் நோயாளிகளிடம் அழைத்துச் சென்றார். அங்கே சிறுவர் சிறுமியர் 3 கிலோகிராமுக்கும் மேற்பட்ட உலோகக் காலிப்பரைக் காலில் பூட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து நடந்தனர். மூன்றே வாரத்தில் 300 கிராம் எடையுள்ள தாங்கி தயாராயிற்று. கலாமே தம் உரைகளில் கூறிய நிகழ்ச்சி இது.

இந்த வேறுபாட்டைக் கணக்கிடுவோம். ஒவ்வோர் அடிக்கும் கால் 10 செ.மீ. உயர்கிறது எனக் கொள்வோம். 3 கிலோகிராமை உயர்த்தச் செய்யும் வேலை 3 × 10 × 0.1 = 3 ஜூல். நாளொன்றுக்கு 2000 முறை உயர்த்தினால் 6000 ஜூல். 20 கிலோகிராம் எடையுள்ள குழந்தை 30 மீட்டர், அதாவது பத்து மாடி ஏறுவதற்குச் சமம் இது. 300 கிராம் தாங்கியானால், ஒரு மாடி மட்டுமே!

எடை குறைந்ததற்குப் பொருள் மட்டும் காரணமன்று, அமைப்பும் காரணம். இது தரையின் எதிர்விசையைப் பயன்படுத்தும் தாங்கி. பாதத்தின் அடியிலுள்ள தகடும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்புறம் படியும் தகடும் மடங்காமல் ஒன்றாக இணைந்திருக்கும். பாதம் தரையை அழுத்த, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரையும் திருப்பி அழுத்துகிறது. அவ்விசை முன்தகட்டின் வழியே காலைப் பின்னோக்கித் தள்ளி, முழங்கால் மடங்கிவிடாமல் காக்கிறது. எனவே கால் முழுவதையும் உலோகத் தண்டுகளால் பிணைக்க வேண்டியதில்லை.

இராக்கெட்டிற்குக் கற்ற பாடம் குழந்தையின் காலுக்குப் பயன்பட்டது. "இது எவ்வளவு வலிமையானது?" என்று மட்டும் கேளாமல், "இதன் எடையை யார் சுமக்கிறார்கள்?" என்றும் கேட்டதே இதற்குக் காரணம்.

நீங்களும் செய்து பாருங்கள். தண்ணீர்க் குடம், சுத்தியல், புத்தகப் பை, இவற்றுள் ஒன்றை எடை போடுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு உயரம் தூக்கப்படுகிறது என்று குறித்துக்கொண்டு, மேற்கண்டவாறு வேலையைக் கணக்கிடுங்கள். பிறகு, வலிமை குறையாமல் எந்தப் பகுதியில் எடையைக் குறைக்கலாம் என்று படம் வரைந்து பாருங்கள்.