திருச்செந்தூர் பாதயாத்திரை: முதல்முறை நடக்கிறவங்களுக்கு ஒரு பாடம்

 

மார்கழி பிறந்தால் தென்மாவட்டங்களில் மாலை போட்டு, பச்சை வேட்டி, பச்சை சேலை கட்டிய அடியார்கள் செந்தூர் நோக்கி நடக்க ஆரம்பிச்சிடுவாங்க. தைப்பூசம் வரைக்கும் அந்த வரிசை ஓயாது. "நானும் ஒரு தடவை நடக்கணும், ஆனா என்னால முடியுமா?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். மனசு ஏற்கெனவே தயாராத்தான் இருக்கும். காலைத் தயார் பண்றதுதான் பாடம்.

முதல்முறை நடக்க நான் சொல்வது திருநெல்வேலி – திருச்செந்தூர் பாதை. சுமார் 60 கிலோமீட்டர். மலை ஏற்றம் கிடையாது. தாமிரபரணியின் தென்கரையை ஒட்டி நெல்லும் வாழையும் பார்த்துக்கொண்டே போகலாம். பெரும்பாலும் சில கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஒரு டீக்கடை, ஒரு கோயில் வந்துவிடும். இன்னொரு வசதி, இதே திசையில் ரயில் பாதையும் போகிறது. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் என்று வழியிலேயே நிலையங்கள் உண்டு. உடம்பு ஒத்துழைக்கலைன்னா ஏறி உட்கார்ந்து செந்தூர் போய்விடலாம்.

*எப்படிப் பிரிப்பது?*

பழகினவங்க ரெண்டே நாளில் முடிச்சிடுவாங்க. முதல்முறை போகிறவர்கள் நாலு நாளாக வெச்சுக்கோங்க.

முதல் நாள், கிருஷ்ணாபுரம் வழியாக செய்துங்கநல்லூர். சுமார் 18 கிலோமீட்டர். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலத்துச் சிற்பங்களை விட்டுடாதீங்க.

இரண்டாம் நாள், ஆதிச்சநல்லூரைக் கடந்து, ஸ்ரீவைகுண்டம் பக்கமாக ஆழ்வார்திருநகரி. இதுவும் ஏறக்குறைய அதே தூரம். நம்மாழ்வார் அவதரித்த தலம், நவதிருப்பதியில் ஒன்று.

மூன்றாம் நாள், தென்திருப்பேரை வழியாக குரும்பூர். நாலாம் நாள், அம்மன்புரம் வழியாக செந்தூர். இந்த இரண்டு நாளும் 12, 13 கிலோமீட்டர்தான். கடைசி நாட்களை ஏன் குறைச்சு வெச்சிருக்குன்னா, கொப்புளமும் தொடை வலியும் இரண்டாம் நாள் மாலையில்தான் முழுசாகத் தெரியும். முதல் நாள் உற்சாகத்தில் 30 கிலோமீட்டர் போய்விட்டு, மறுநாள் காலை ஊன்ற முடியாமல் திரும்பிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். குரும்பூர் தாண்டினால் வயல் குறைந்து பனை கூடும், மண் சிவக்கும். அப்புறம் கடல் காற்று வந்துவிடும்.

*விரத நாட்களே பயிற்சி நாட்கள்*

48 நாள் விரதம் இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு மண்டலமே போதும். முதல் வாரம் தினமும் 3 கிலோமீட்டர் நடங்க. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி, கடைசியில் 12 கிலோமீட்டர் வரை வாங்க. ஒரு தடவையாவது அடுத்தடுத்து இரண்டு நாள் நீளமாக நடந்து பார்க்கணும். களைத்த காலோடு மறுநாள் நடப்பது எப்படி என்று அப்போதான் தெரியும். வெறுங்காலோடு போறதா வேண்டுதல் இருந்தால் பயிற்சியையும் வெறுங்காலோடு செய்யுங்க. கிளம்புவதற்கு முந்தின வாரம் நடையைக் குறைச்சு காலுக்கு ஓய்வு கொடுங்க.

*வழியில் கவனிக்க வேண்டியவை*

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் நிழலுக்கு வந்துடணும். பத்து மணிக்கு மேல் தார் ரோடு வெறுங்காலைப் பொசுக்கும். பிறகு சாயங்காலம் கொஞ்ச தூரம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடிங்க. வேர்வையில் உப்பும் போவதால் உப்பு போட்ட மோர் நல்லது.

கொப்புளத்தை உடைக்காதீங்க. கழுவித் துடைச்சு, சுத்தமான துணி வெச்சுக் கட்டினால் போதும்.

சர்க்கரை நோய் உள்ள அடியார்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். சிலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீங்க. செருப்பு போட்டே நடங்க, கோயில் வாசலில் கழற்றினால் போதும். தினமும் ராத்திரி உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்க. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கிட்டு பட்டினி கிடந்து நடப்பது ஆபத்து. பையில் கற்கண்டு இருக்கட்டும்.

ரோட்டில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்க. இருட்டில் நம்ம பச்சை ஆடை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. முதுகிலும் பையிலும் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டிக்கோங்க. கையில் டார்ச் இருக்கட்டும். களைப்பில் ரோட்டோரம் படுக்கவே கூடாது. பாதயாத்திரை போன எத்தனையோ பேர் வீடு திரும்பாமல் போனது இந்தக் கவனக்குறைவால்தான்.

மார்கழித் தொடக்கத்தில் மழையும் உண்டு. 2023 டிசம்பரில் இதே பாதையில் வெள்ளம் புரண்டு, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதும், பக்கத்து ஊர் மக்கள் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டதும் நினைவிருக்கும். வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீங்க. ஆற்றில் குளித்தால் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும்.

*ரயில் ஏறினால் நேர்த்திக்கடன் போச்சா?*

என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை என்றும், பெற்றோர் அவரைச் செந்தூருக்குக் கொண்டுவந்து வழிபட, முருகன் அருளால் பேச்சு வந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் வரலாறு சொல்கிறது. பிள்ளை வந்தது பெற்றோரை நம்பி, பெற்றோர் வந்தது முருகனை நம்பி. எத்தனை அடி சொந்தக் காலில் வைத்தார்கள் என்று சன்னிதியில் யாரும் கணக்குக் கேட்கவில்லை. காய்ச்சலோ மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் நடையை நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்க. மீதி தூரத்தை அடுத்த வருஷம் நடந்துக்கலாம். உயிரோடு வர்ற பக்தனைத்தான் அந்தக் கடற்கரையில் அவன் எதிர்பார்த்து நிற்கிறான்.

செந்தூர் சேர்ந்ததும் கடலில் இடுப்பளவுக்கு மேல் போகாமல் நீராடி, நாழிக்கிணற்றில் குளித்து, நிதானமாகத் தரிசனம் பண்ணுங்க. பன்னீர் இலை விபூதி வாங்க மறக்காதீங்க.

இந்த வருஷம் முதல்முறை மாலை போடும் உங்க சொந்தக்காரங்களுக்கு இதை அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!