மெகாபிக்சலைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

போன் பெட்டியில் 50, 108, 200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கவனியுங்கள்:

1. கடையிலேயே ஒரு படம் எடுத்து, அதன் விவரத்தைத் திறந்து பாருங்கள். 4080 x 3072 என்று இருந்தால் அது 12.5 மெகாபிக்சல்தான், 50 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக நான்கு பிக்சல்களை ஒன்றாக்கியே படத்தைச் சேமிக்கிறது.

2. பின்பக்கக் கேமரா ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியே கேளுங்கள். மூன்றில் இரண்டு, வெறும் 2 மெகாபிக்சல் கேமராக்களாக இருக்கலாம்.

3. சென்சார் அளவை ஒப்பிடுங்கள். 1/2.76 அங்குலத்தை விட 1/1.56 அங்குலம் பெரியது. பெரிய சென்சாருக்குள் அதிக வெளிச்சம் போகும், இரவுப் படம் தெளிவாக வரும்.

4. 'ஓஐஎஸ்' (OIS) எனும், கேமராவின் நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி உள்ளதா என்று பாருங்கள். கை லேசாக ஆடினாலும் படம் கலங்காது.

5. மேஜைக்கு அடியில் இருட்டான இடத்தைப் படமெடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். கடையின் பளிச்சென்ற விளக்கில் எல்லா போனும் நன்றாகவே எடுக்கும்.

6. படங்களை அச்சுப் போடத்தானே என்றால் பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். 4 x 6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலும், ஏ4 அளவுக்குச் சுமார் 9 மெகாபிக்சலும் போதும்.